டோக்கியோ, கியோத்தோவிலிருந்து ஒரு நாள் பயணம்: பழைய ஊர்களும் கோயில்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்கு ஒரு வாரம், பத்து நாள் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் டோக்கியோவில் ஓர் அறை, கியோத்தோவிலோ ஒசாகாவிலோ இன்னோர் அறை என்று எடுத்துத் தங்குகிறார்கள். அங்கிருந்து காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பக்கூடிய பழைய ஊர்களைப் பற்றித்தான் இந்தப் பக்கம். கட்டணங்கள் பெரியவர் ஒருவருக்கானவை. அவ்வப்போது கூடும் என்பதால், கிளம்பும் முன் அந்தந்தக் கோயிலின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் இரண்டு ஊர் பார்க்கலாமா?

வேண்டாம். ஒரு நாளுக்கு ஓர் ஊர் போதும். காரணம் தூரம் அல்ல, கோயில் சாத்தும் நேரம். நம் ஊர் மாதிரி மாலையில் நடை திறந்து இரவு எட்டு மணி வரை தரிசனம் என்பது அங்கே கிடையாது. பெரும்பாலான இடங்கள் மாலை 4 முதல் 5 மணிக்குள் மூடிவிடும். சீட்டு கொடுப்பதை அதற்கு அரை மணி முன்பே நிறுத்துவதும் உண்டு. நிக்கோவின் தோஷோகு கோயில் நவம்பர் முதல் மார்ச் வரை 4 மணிக்கு மூடுகிறது, 3.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். டோக்கியோவில் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு 11 மணிக்கு ரயிலேறினால், நிக்கோவில் இறங்கிப் பேருந்து பிடித்து வாசலுக்குப் போகும்போதே பிற்பகல் 1.30 ஆகிவிடும். மிச்சம் இரண்டு மணி நேரம்தான்.

காலை 7 மணிக்கு ரயிலில் இருப்பது மாதிரி திட்டமிடுங்கள். கூட்டம் பத்து மணிக்கு மேல்தான் சேரும். அதற்குள் முக்கியமான இடத்தைப் பார்த்து முடித்துவிடலாம்.

டோக்கியோவிலிருந்து ஒரு நாள்தான் இருக்கிறது. காமகுராவா, நிக்கோவா?

உடன் வருபவர்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காமகுரா ஒரு மணி நேரப் பயணம், கட்டணம் ஆயிரம் யென்னை ஒட்டி, கடற்கரையும் உண்டு. சின்னக் குழந்தைகள் இருந்தால், அல்லது முதல் நாளே விமானக் களைப்போடு இருந்தால் இதுதான் சரி. நிக்கோவுக்கு ஒரு வழிக்கு இரண்டு மணி நேரம், செலவும் அதிகம், படிகளும் அதிகம். ஆனால் மரச்சிற்பத்திலும் தங்க வேலைப்பாட்டிலும் அதற்கு இணையான இடம் டோக்கியோவைச் சுற்றி இல்லை. சிற்பம் பார்ப்பதில் உண்மையான ஆசை உள்ளவர்கள் நிக்கோவுக்குப் போக வேண்டும். குளிர் காலத்தில் அங்கே நல்ல குளிர் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

காமகுராவை எந்த வரிசையில் பார்ப்பது?

டோக்கியோ ஸ்டேஷனிலிருந்து யோகோசுகா பாதை ரயில் நேராகப் போகிறது. ஷிஞ்சுகுவில் தங்கியிருந்தால் ஷோனான்-ஷிஞ்சுகு பாதை. காமகுரா ஸ்டேஷனுக்கு ஒரு ஸ்டேஷன் முன்னால், கிதா-காமகுராவில் இறங்குங்கள். 1282-இல் தொடங்கப்பட்ட எங்காகுஜி ஸ்டேஷனை ஒட்டியே இருக்கிறது. அங்கிருந்து கால் மணி நேரம் நடந்தால் 1253-இல் உருவான கென்சோஜி. இரண்டுமே ஜென் மடங்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 500 யென். இன்னும் கால் மணி நேரம் இறக்கத்தில் நடந்தால் சுருகாவோகா ஹச்சிமான் கோயிலின் பக்கவாட்டில் வந்து சேர்வீர்கள். இங்கே கட்டணம் இல்லை. பெரிய படிக்கட்டின் ஓரத்தில் நின்ற முதிய கிங்கோ மரம் 2010 மார்ச்சில் காற்றில் சாய்ந்தது. அதே இடத்தில் விட்ட தளிர் இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது, நின்று பாருங்கள்.

கோயிலிலிருந்து காமகுரா ஸ்டேஷன் வரை கோமாச்சி கடைத்தெரு. மதியச் சாப்பாட்டை இங்கே முடித்துக்கொண்டு, எனோதென் என்ற சிறிய ரயிலில் மூன்றாவது நிறுத்தமான ஹசேயில் இறங்குங்கள். பத்து நிமிடத்துக்குள் கோதோகுயினில் பெரிய புத்தர்.

இந்த வரிசையில் நடை பெரும்பாலும் இறக்கமாக அமைகிறது. எதிர்த் திசையில் வந்தால் களைத்த கால்களோடு மேடு ஏற வேண்டியிருக்கும். சனி, ஞாயிறுகளில் எனோதென் ரயிலுக்குப் பிளாட்பாரத்துக்கு வெளியே வரை வரிசை நிற்கும். அன்றைக்கு மட்டும் காலையிலேயே ஹசேக்குப் போய்விட்டு, மடங்களை மதியத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடற்கரையில் கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம். பருந்துகள் பின்னாலிருந்து பாய்ந்து பிடுங்கும், நகம் பட்டு விரல் கிழியும். சுவரையோ கூரையையோ ஒட்டி உட்கார்ந்து சாப்பிட்டால் பயமில்லை.

பெரிய புத்தரின் உள்ளே போகலாமாமே?

போகலாம். நுழைவுச் சீட்டு 300 யென், உள்ளே போகத் தனியாக 50 யென். தவறவிடாதீர்கள். பீடம் நீங்கலாக 11.3 மீட்டர் உயரமுள்ள இந்த வெண்கலச் சிலையை 1252 வாக்கில் வார்க்கத் தொடங்கினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே வார்ப்பு போலத் தெரியும். உள்ளே நின்று சுவரைப் பார்த்தால்தான் அடுக்கடுக்காகக் கிடைமட்டக் கோடுகள் தெரியும். கீழிருந்து மேலாகப் பகுதி பகுதியாக வார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் முந்தையதோடு பிணைத்த தடயம் அது. கழுத்துப் பகுதியின் உட்புறம் வேறு நிறத்தில் இருக்கும். 1960-61 பழுதுபார்ப்பில் பூசிய வலுவூட்டல் அது. உள்ளே இடம் குறுகல், கோடையில் வெண்கலம் சூடேறி வெக்கையடிக்கும். பிற்பகலில் உட்புறத்தை முன்னதாகவே மூடிவிடுவார்கள்.

நிக்கோவுக்கு எந்த ரயில்?

இரண்டு வழிகள். அசாகுசாவிலிருந்து தோபு நிறுவனத்தின் விரைவு ரயில், சுமார் ஒரு மணி ஐம்பது நிமிடம். அல்லது டோக்கியோ, உவேனோவிலிருந்து ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் உத்சுனோமியா வரை ஐம்பது நிமிடம், அங்கிருந்து ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிக்கோ பாதையில் முக்கால் மணி நேரம். ஜேஆர் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பயணிக்க உதவும் ஜேஆர் பாஸ் கையில் இருந்தால் இரண்டாவது, இல்லையென்றால் முதலாவதுதான் மலிவு.

தோபுவில் பலரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. அசாகுசாவிலிருந்து புறப்படும் எல்லா விரைவு ரயிலும் நிக்கோவுக்குப் போவதில்லை. சில கினுகாவா ஒன்சென்னுக்குப் பிரிந்துவிடும். பலகையில் கினுகாவா என்று இருந்தால் ஷிமோ-இமாய்ச்சியில் இறங்கி எதிர் ரயில் மாற வேண்டும். விரைவு ரயிலுக்குப் பயணச் சீட்டு தவிர இருக்கைச் சீட்டும் தேவை. அக்டோபர் வார இறுதிகளில் அது முன்பே தீர்ந்துவிடும்.

ஸ்டேஷனிலிருந்து கோயில் சுமார் இரண்டு கிலோமீட்டர் மேடு. போகும்போது பேருந்தில் போய், வரும்போது கடைகளைப் பார்த்துக்கொண்டே இறங்கி நடந்து வாருங்கள்.

தோஷோகுவில் எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்?

தோகுகாவா ஷோகுன் ஆட்சியை நிறுவிய தோகுகாவா இயேயாசு 1616-இல் இறந்தார். மறு ஆண்டு எளிமையாக எழுந்த கோயிலை, பேரன் இயேமிட்சு 1634-36-இல் இப்போதைய அளவுக்கு விரித்துக் கட்டினார். நுழைவு 1,500 யென்னுக்கு மேல்.

முதல் முற்றத்தில் இடப்பக்கம், வண்ணப்பூச்சு இல்லாத எளிய குதிரை லாயம். கண், காது, வாய் பொத்திய மூன்று குரங்குகள் அதன் மேல்தான். எல்லாரும் அந்த ஒரு பலகையைப் படமெடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மொத்தம் எட்டுப் பலகைகள், குரங்கின் வழியாக ஒரு மனித வாழ்க்கையைச் சொல்கின்றன. குட்டியின் எதிர்காலத்தைத் தாய் கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பதில் தொடங்கி, இளமை, சோர்வு, காதல், அலை, கடைசியில் கருவுற்ற குரங்கு என்று வட்டம் முடிகிறது. ஐந்து நிமிடம் நின்று வரிசையாகப் பாருங்கள்.

அடுத்து யோமெய் வாயில், 500-க்கு மேற்பட்ட சிற்பங்கள். வெள்ளைத் தூண்கள் பன்னிரண்டில் ஒன்றில் மட்டும் சுழல் கோலம் தலைகீழாகச் செதுக்கப்பட்டிருக்கும். முழுமை அடைந்த கட்டடம் சரியத் தொடங்கும் என்பதால் வேண்டுமென்றே ஒரு குறை வைத்தார்கள் என்பது அங்கே சொல்லப்படும் விளக்கம். உள்ளே, தூங்கும் பூனைச் சிற்பத்தின் கீழ் நுழைந்தால் இயேயாசுவின் சமாதிக்கு 207 கற்படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் பூனையோடு நின்றுவிடலாம். மேலே இருப்பது அலங்காரமில்லாத வெண்கலச் சமாதி, உயரமான தேவதாரு மரங்கள், அமைதி. ஏற முடிந்தவர்கள் ஏறத்தான் வேண்டும்.

யாகுஷி மண்டபத்தில் கூரையில் நாகம் வரைந்திருக்கும். அதன் தலைக்குக் கீழே நின்று மரக்கட்டையைத் தட்டினால் மணி குலுங்குவது போல எதிரொலிக்கும், வாலுக்குக் கீழே தட்டினால் ஒன்றும் இருக்காது. அங்குள்ளவர்களே தட்டிக் காட்டுவார்கள். நீங்கள் கை தட்ட வேண்டாம்.

கேகோன் அருவியையும் அதே நாளில் சேர்க்கலாமா?

கோடையிலும் சாதாரண வார நாளிலும் முடியும். அருவி 97 மீட்டர். அதற்கு மேலே சூசென்ஜி ஏரி, கடல் மட்டத்திலிருந்து 1,269 மீட்டர். ஆனால் அக்டோபர் இரண்டாம் பாதியில், இலைகள் சிவக்கும் வார இறுதிகளில், வளைந்து வளைந்து ஏறும் இரோஹா மலைப்பாதை அப்படியே நின்றுவிடும். முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம் மூன்று மணி நேரமாக நீளும். அந்த நாட்களில் ஒரே நாளில் இரண்டும் வேண்டுமென்றால் விடியற்காலையில் முதலில் அருவி, பிறகு கோயில் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நாராவுக்குக் கியோத்தோவிலிருந்து எப்படிப் போவது?

ஜேஆர் மியாகோஜி ரயில் முக்கால் மணி நேரம், 720 யென் வாக்கில். கின்டெட்சு என்ற தனியார் நிறுவனத்தின் விரைவு ரயில் 35 நிமிடம், இருக்கைச் சீட்டுக்குத் தனிப் பணம். பணம் கொஞ்சம் கூடினாலும் கின்டெட்சுவில் ஒரு நன்மை: அதன் நாரா ஸ்டேஷன் பூங்காவுக்கு மிக அருகில். ஜேஆர் ஸ்டேஷனில் இறங்கினால் கூடுதலாகக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். ஒசாகாவின் நம்பாவிலிருந்தும் கின்டெட்சுவில் நாற்பது நிமிடத்தில் போய்விடலாம்.

முதலில் தோதாய்ஜி. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை காலை 7.30-க்கே திறக்கிறார்கள். எட்டு மணிக்குள் போய்விட்டால் பெரிய மண்டபம் கிட்டத்தட்ட உங்களுக்கே சொந்தம். இப்போது நிற்கும் மண்டபம் 1709-இல் முடிந்தது. முந்தையதைவிட அகலம் குறைந்தும்கூட 57 மீட்டர் இருக்கிறது. உள்ளே 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர்.

அங்கிருந்து மேட்டில் நிகாட்சு மண்டபம். கட்டணம் இல்லை, மூடுவதும் இல்லை, மாடத்திலிருந்து ஊர் முழுவதும் தெரியும். மார்ச் 1 முதல் 14 வரை அந்த மாடத்தில் பெரிய தீப்பந்தங்களை ஏந்தி ஓடுவார்கள். 752-இல் தொடங்கிய இந்த வழிபாடு ஒரு வருடம்கூட நின்றதில்லை. பிறகு கல் விளக்குகள் நிறைந்த காட்டுப்பாதை வழியாகக் கசுகா கோயில், 768-இல் நிறுவப்பட்டது. கல்லும் வெண்கலமுமாகச் சுமார் 3,000 விளக்குகள். பிப்ரவரி 3-ஆம் தேதி வாக்கிலும் ஆகஸ்ட் 14, 15-ஆம் தேதிகளிலும் அத்தனையையும் ஏற்றுவார்கள்.

கோஃபுகுஜியின் ஐந்தடுக்குக் கோபுரத்துக்காக மட்டும் போகிறவர்கள் கவனிக்கவும்: பல ஆண்டு நீளும் திருப்பணிக்காக அதைச் சாரம் கட்டி மூடியிருக்கிறார்கள்.

தோதாய்ஜிக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 752-இல் இந்தப் புத்தருக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று ஜப்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. சீனா வழியாக 736-இல் ஜப்பான் வந்தவர். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, மறுமுனையைக் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், எல்லாருமே கண் திறந்ததாக ஆகட்டும் என்று. அந்தத் தூரிகை அருகிலுள்ள ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. நாராவுக்குப் போகும் தமிழர்கள் இதைத் தெரிந்துகொண்டு அந்தச் சிலையின் முன் நிற்க வேண்டும். காமகுராவிலும் நம் சரஸ்வதியின் ஜப்பானிய வடிவமான பென்சாய்தென்னுக்குக் குகையில் ஒரு கோயில் இருக்கிறது. செனியாராய் பென்தென் என்று பெயர். சுனை நீரில் காசைக் கழுவினால் பெருகும் என்பது நம்பிக்கை, மூங்கில் கூடை அங்கேயே கொடுப்பார்கள்.

நாரா மான்கள் கடிக்குமா?

கடிக்கும், முட்டவும் செய்யும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட மான்கள் பூங்காவில் உலவுகின்றன. அவை வளர்ப்பு மான்கள் அல்ல, பாதுகாக்கப்பட்ட காட்டு மான்கள். மான் பிஸ்கட் கட்டு 200 யென். வாங்கிய உடனே கொடுத்து முடித்துவிட வேண்டும். படம் எடுப்பதற்காகக் காட்டிக் காட்டி ஏமாற்றும்போதுதான் இடுப்பில் கடி விழுகிறது. தீர்ந்ததும் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுங்கள், நகர்ந்துவிடும். வரைபடம், ரயில் சீட்டு என்று தாள் எதையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காதீர்கள், தின்றுவிடும். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆண் மான்கள் மூர்க்கமாக இருக்கும். மே முதல் ஜூலை வரை குட்டி ஈன்ற தாய் மான்கள். குழந்தைகளைக் குட்டிகளுக்கு அருகே விடாதீர்கள்.

ஃபுஷிமி இனாரியையும் நாராவையும் சேர்க்கலாமா?

‘ஒரு நாளுக்கு ஓர் ஊர்’ என்பதற்கு இது ஒன்றுதான் விலக்கு, ஏனென்றால் இரண்டும் ஒரே ஜேஆர் பாதையில் இருக்கின்றன. இனாரி கோயில் இரவு பகலும் திறந்திருக்கும், கட்டணம் கிடையாது. விடியற்காலை 6.30-க்கு அங்கே போய், சிவப்புத் தோரண வாயில்களின் வழியே மலையில் பாதி ஏறி, ஒன்பது மணிக்கு நாரா ரயில் பிடிக்கலாம். 233 மீட்டர் மலையை முழுவதும் சுற்றினால் இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும்.

இனாரி ஸ்டேஷனில் சாதாரண ரயில் மட்டுமே நிற்கும். மியாகோஜி விரைவு ரயில் நிற்காது. கியோத்தோவில் அவசரத்தில் அதில் ஏறிவிட்டு இனாரியைத் தாண்டிப் போகிறவர்கள் ஏராளம். இனாரியிலிருந்து நாரா போகும்போது சாதாரண ரயிலில் ஏறி உஜியில் விரைவு ரயிலுக்கு மாறுங்கள். அந்த உஜியில்தான் 1053-இல் கட்டிய பியோதோயின் மண்டபம் இருக்கிறது, பத்து யென் நாணயத்தில் பார்க்கும் அதே கட்டடம். அதன் உட்புறத்துக்குத் தனிச் சீட்டு, ஒரு முறைக்கு 50 பேர். மதியத்துக்குள் தீர்ந்துவிடுவதால், உஜிக்கென்று வேறொரு காலைப்பொழுதை ஒதுக்குவதே நல்லது.

மியாஜிமா, இசே போன்ற தூரமான இடங்கள்?

இட்சுகுஷிமா கோயில் இருக்கும் மியாஜிமா தீவை ஹிரோஷிமாவில் தங்கிப் பாருங்கள். மியாஜிமகுச்சி வரை அரை மணி ரயில், பிறகு பத்து நிமிடப் படகு. படகுச் சீட்டோடு 100 யென் வரி சேரும். கடல் நீர் மட்டம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இட்சுகுஷிமா கோயிலும் தோரணமும் மிதப்பது போல இருக்கும். 100-க்குக் கீழே இறங்கினால் தோரணத்தின் காலடி வரை நடக்கலாம். அன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டே படகு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

பெருங்கோயில் ஊரான இசேக்கு ஒசாகாவிலிருந்து கின்டெட்சுவில் ஒன்றே முக்கால் மணி நேரம். முறைப்படி முதலில் வெளிக்கோயில், பிறகு பேருந்தில் உள்கோயில். இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் கோயிலைப் புதிதாக எழுப்புவார்கள். கடைசியாக 2013, அடுத்தது 2033. மூலக்கோயிலை வேலிக்கு மேலே தெரியும் கூரை அளவுக்குத்தான் பார்க்க முடியும், கடைசிப் படிகளுக்கு மேல் படமெடுக்கக் கூடாது. கட்டடம் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், காட்டையும் ஆற்றையும் விரும்புகிறவர்களுக்கு நிறைவாக இருக்கும். பாதை முழுவதும் கனத்த சரளைக்கல், குழந்தை வண்டியைத் தள்ளுவது கடினம்.

கோயிலில் எப்படி வணங்க வேண்டும்?

தோரண வாயில் இருந்தால் அது ஜப்பானின் பழைய மதமான ஷிண்டோவின் கோயில். வாயிலில் லேசாகத் தலை வணங்கி, பாதையின் நடுவை விட்டு ஓரமாக நடங்கள். தண்ணீர்த் தொட்டியில் வலக்கையால் அகப்பையை எடுத்து இடக்கையைக் கழுவுங்கள், கை மாற்றி வலக்கை, மறுபடி இடது உள்ளங்கையில் நீர் ஊற்றி வாய் கொப்பளித்து, இடக்கையை இன்னொருமுறை கழுவி, அகப்பையை நிமிர்த்தி மிச்ச நீர் கைப்பிடியில் வழியும்படி விட்டு வைத்துவிடுங்கள். ஒரு முகவை நீரிலேயே எல்லாம் முடிய வேண்டும். அகப்பையை வாயில் வைப்பதும், கொப்பளித்ததைத் தொட்டிக்குள் துப்புவதும் பெரிய தவறு. சன்னிதியில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, ஒருமுறை குனிய வேண்டும்.

புத்தர் கோயிலில் கைதட்டக் கூடாது. நம் வழக்கப்படி கைகூப்பினாலே போதும். வாசல்தோறும் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும், அதனால் கயிறு கட்டும் ஷூ தொல்லை. கிழியாத சாக்ஸ் அவசியம், குளிர்காலத்தில் மரத்தரை பாதத்தைச் சுடுவது போலக் குளிரும்.

கோயில் முத்திரை வாங்குவது எப்படி?

கோஷுயின் என்னும் இந்த முத்திரையையும் கையெழுத்தையும் அதற்கென்றே விற்கும் மடிப்பு ஏட்டில் மட்டும்தான் போட்டுத் தருவார்கள். சாதாரண நோட்டை நீட்டினால் மறுத்துவிடுவார்கள். ஏடு பெரிய கோயில்களில் 1,500 முதல் 2,500 யென் வரை. ஒவ்வொரு முத்திரைக்கும் 300 முதல் 500 யென், சில்லறையாக. முதலில் வணங்கிவிட்டுப் பிறகு வாங்குவதே மரியாதை. எழுதுகிறவரைக் கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

ஜேஆர் பாஸ் எடுத்தால் லாபமா?

ஒரு நாள் பயணங்களுக்கு மட்டும் என்றால் இல்லை. 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸ் 50,000 யென் ஆனது. டோக்கியோ–கியோத்தோ ஷிங்கான்சென் போகவர 28,000 யென் வாக்கில்தான். சுய்கா, இகோகா போன்ற அட்டை ஒன்றில் பணம் ஏற்றிக்கொண்டால் ரயில், பேருந்து, கடை எல்லாவற்றுக்கும் ஆகும். விரைவு ரயில் இருக்கைச் சீட்டு மட்டும் தனி. கோயில் சீட்டு, உண்டியல், முத்திரைக்கு ரொக்கம் வேண்டும். நூறு யென் நாணயங்களாகக் கொஞ்சம் சேர்த்து வையுங்கள்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

இறைச்சி இல்லை என்பதால் மட்டும் சைவம் ஆகிவிடாது. தாஷி என்ற குழம்புச் சாறு பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் செய்வது. உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், மிசோ சூப், வேகவைத்த காய்கறி எல்லாவற்றிலும் அது இருக்கும். ‘மீன் இல்லாமல்’ என்று கேட்டால் மீன் துண்டை எடுத்துவிட்டு அதே சாற்றில் கொடுப்பார்கள். ‘மீன் சாறும் கூடாது’ என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டையைக் கைபேசியில் வைத்துக் காட்டுங்கள். மடங்களின் ஷோஜின் உணவு கடற்பாசி, காளான் சாற்றில் செய்வதால் நம்பலாம், பெரும்பாலும் முன்பதிவு தேவை. நிக்கோவின் சிறப்பான யுபா என்னும் சோயாப்பால் ஆடை சைவம்தான், ஆனால் ஊற்றும் சாற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இசேயில் சிவப்புப் பயறு விழுது பூசிய மோச்சி என்ற அரிசிப் பண்டத்தைத் தைரியமாகச் சாப்பிடலாம். சிறிய ஊர்களில் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள் என்பதால், காலையிலேயே ரொட்டி, வாழைப்பழம் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது. குப்பைத்தொட்டி தெருவில் கிடைக்காது, ஒரு பையும் வேண்டும்.

எந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும்?

ஜனவரி 1 முதல் 3 வரை எல்லாப் பெரிய கோயில்களிலும் புத்தாண்டு வழிபாட்டுக் கூட்டம். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை தொடர் விடுமுறை. ஆகஸ்ட் நடுவில் முன்னோரை நினைக்கும் ஓபோன் விடுமுறை. காமகுராவில் ஜூன் மாதம் ஹைட்ரேஞ்சியா பூக்கும்போது ஹசே கோயிலில் எண் சீட்டு வாங்கிக் காத்திருக்க வேண்டியிருக்கும். எங்களைக் கேட்டால் மே இரண்டாம் பாதியும் டிசம்பர் முதல் பாதியும்தான் சிறந்தவை. டிசம்பரில் நாலரை மணிக்கே டோக்கியோவில் சூரியன் மறைந்துவிடும், அதற்கேற்ப இன்னும் முன்னதாகக் கிளம்புங்கள்.

பெட்டிகளோடு ஊர் மாறும் நாளில் வழியில் இறங்கிப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஆனால் பெரிய பெட்டி நுழையும் லாக்கர்கள் நாரா, காமகுரா ஸ்டேஷன்களில் குறைவு. பத்து மணிக்குள் நிரம்பிவிடும். முதல் நாளே விடுதி வரவேற்பில் சொல்லிப் பெட்டியைக் கூரியரில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடுங்கள். பொதுவாக மறுநாள் போய்ச் சேரும், அளவைப் பொறுத்து இரண்டாயிரம், மூவாயிரம் யென் ஆகும். மருந்து, பாஸ்போர்ட், ஓர் இரவுக்கான துணி மட்டும் கையில் இருக்கட்டும்.